பழைய கணினியில் புரோட்டான்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

என் வீட்டு மேசைக் கணினியில் இருப்பவை ரைசன் 5 1600 செயலி, 16 ஜிபி ரேம், பெங்களூரு எஸ்.பி. சாலையில் பழைய பொருளாக வாங்கிய 8 ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை. இந்தச் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, நான் கணக்கெழுதும் மாங்கூழ் ஆலையில் சீசன் ஓய்ந்த 2025 ஆகஸ்டில், அதில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22-ஐ நிறுவி, கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த விண்டோஸ் விளையாட்டுகளைப் புரோட்டான் வழியாக ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கத் தொடங்கினேன். அன்று முதல் மாலை எட்டு மணிக்கு மேல் கிடைத்த நேரமெல்லாம் இதற்கே போயிருக்கிறது. என் போன்ற பழைய கணினியை வைத்துக்கொண்டு தயங்கி நிற்பவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

புரோட்டான் என்பது வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட இலவச மென்பொருள், ஸ்டீமுக்குள்ளேயே அடங்கியிருப்பது. அதன் அடித்தளம், 1993-இலிருந்து வளர்ந்துவரும் வைன் என்னும் திட்டம். இது கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக உருவாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. விளையாட்டின் கட்டளைகள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. விண்டோஸிடம் அந்த விளையாட்டு கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் வைன் நடுவில் நின்று லினக்ஸின் மொழியில் பதில் வாங்கித் தருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எங்கள் எல்லைப்புறச் சந்தைகளில், ஒருவர் கன்னடத்தில் விலை கேட்க, பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழாக்கிக் கடைக்காரரிடம் சொல்ல, பேரம் தடையின்றி நடந்து முடிவதை அன்றாடம் பார்க்கிறோம். வைன் செய்வதும் அந்தத் துபாஷியின் வேலையே. படம் வரையும் பகுதிக்குத் தனித் துபாஷிகள் இருக்கிறார்கள்: விண்டோஸில் படம் வரையும் மொழியான டைரக்ட்3டி-யின் 11 வரையிலான பதிப்புகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற மொழியாக மாற்றுவது டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி 12-ஐ மாற்றுவது விகேடி3டி-புரோட்டான். 2016-இல் வல்கன் வந்திராவிட்டால் இன்றைய வேகம் இராது என்பது என் கருத்து.

நிறுவும் வேலை நான் அஞ்சியதைவிட எளிது. ஏஎம்டி கார்டு என்பதால் டிரைவர் தேடி அலைய நேரவில்லை; அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலும், கிராபிக்ஸ் டிரைவர்களின் தொகுப்பான மெசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்து, அந்நிறுவனத்தின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ள வேண்டும். கம்பி வழி இணைத்த கன்ட்ரோலர் செருகியதும் வேலை செய்தது.

முதல் நாள் நான் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விண்டோஸிலிருந்து வரும் ஏறக்குறைய எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஐம்பது ஜிபி அளவுள்ள தி விட்சர் 3-ஐ மறுபடி பதிவிறக்க விரும்பாமல், அது கிடந்த பழைய விண்டோஸ் டிஸ்க்கையே ஸ்டீமுக்குக் காட்டிவிட்டேன். பொத்தானை அழுத்தினால் விளையாட்டு தொடங்குவது போலக் காட்டி, சில நொடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு மாலைகள் கழித்தே காரணம் புரிந்தது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு விண்டோஸ் அடைவை (ஃபோல்டரை) தனியே உருவாக்குகிறது. அதற்குள் 'சி' டிரைவைக் குறிக்க, முக்காற்புள்ளியுடன் கூடிய பெயரில் ஓர் இணைப்புக் கோப்பை வைக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவமோ கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்பதில்லை. விளையாட்டை லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 வடிவிலுள்ள டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னதும், மறுபதிவிறக்கம் இன்றியே அது ஓடியது. அந்தத் தனி அடைவுகள் விளையாட்டின் பெயரில் அல்லாமல் எண்ணில் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்சருக்கு அது 292030. சேமித்த ஆட்டங்களைக் காப்பு எடுக்க நினைக்கும் நாளில் இந்த எண் தேவைப்படும்.

சோதனை என்று நான் சொல்வது வெறுமனே ஆடிப் பார்ப்பதை அல்ல. ஒவ்வொரு விளையாட்டுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். புரோட்டானின் பதிப்பு, மெசாவின் பதிப்பு, அமைப்புகள், எங்கே தடுமாறியது என்பவற்றைத் தேதியுடன் எழுதிவைக்கிறேன். அளப்பதற்கு மாங்கோஹட் என்னும் கருவி இருக்கிறது. திரையின் மூலையில், நொடிக்கு வரையப்படும் படங்களின் (பிரேம்களின்) எண்ணிக்கையையும் கார்டின் வெப்பத்தையும் காட்டுவது. மாம்பழ ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது. அதில் நான் பார்ப்பது நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சராசரியை அல்ல, ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் கோட்டையே. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.6 மில்லிநொடி, நடுவில் ஒரே ஒரு பிரேம் 100 மில்லிநொடி எடுத்தாலும் கண் அதை உணர்ந்துவிடும், சராசரியோ அதை மறைத்துவிடும்.

புதிதாக வாங்கும் விளையாட்டு என்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்கும் வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற ஸ்டீமின் விதியை நினைவில் வைத்தே மாலையைத் திட்டமிடுகிறேன். அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதற்கு முதல் ஒரு மணி நேரம், நீளமாக ஆடிப் பார்ப்பதற்கு அடுத்த அரை மணி நேரம், அதற்குமேல் முடிவு. லினக்ஸில் இயங்குமா என்ற ஐயத்துடன் வாங்குபவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

விட்சர் 3-இல் 2022 டிசம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு டைரக்ட்3டி-யை உள்ளடக்கிய டைரக்ட்எக்ஸில் 11, 12 என இரண்டு வழிகள் உண்டு. என் கார்டுக்கு 11 தான் உகந்தது. 1080பி திரையில், உயர் அமைப்பில், 60 பிரேம் என்று வரம்பு கட்டிவிட்டால் காட்டுவழிகளில் கோடு ஏறக்குறைய நேராகவே செல்கிறது. நோவிகிராட் நகரச் சந்தைக்குள் நுழையும்போது மட்டும் சற்று நெளிகிறது. புதிய காட்சி வரும்போதெல்லாம் ஷேடர்களை (காட்சியை வரையக் கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்களை) அந்தக் கணத்தில் தொகுப்பதால் வரும் குலுக்கல்தான் முற்காலத்தில் பெரிய குறையாக இருந்தது. 2022 நவம்பரில் வெளிவந்த டிஎக்ஸ்விகே 2.0 அந்த வேலையை, டிரைவர் இடம் கொடுக்கும் இடங்களில், விளையாட்டு ஏற்றப்படும் நேரத்துக்கே முன்தள்ளியது. அதோடு, விளையாட்டு தொடங்குமுன் ஸ்டீமும் வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறது. டிரைவர் புதுப்பித்த மறுநாள் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு அதைத் தாண்டிச் செல்லாமல் இருப்பது நல்லது. நான் அந்த நேரத்தில் இரவு உணவை முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு மிகுந்த நிறைவளித்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டெஃபினிட்டிவ் பதிப்பு. 2022 ஏப்ரலில் வந்த இந்திய அரச மரபுகள் தொகுப்பில் திராவிடர் என்ற தனி அரசு உண்டு. சுருள்வாள் வீரர்களும் திரிசடைக் கப்பல்களும் அதற்கே உரியவை. இராசேந்திரனின் படையெடுப்புகளைத் தனி ஆட்டத் தொடராகவும் வைத்திருக்கிறார்கள். விறகு வெட்டப் போகச் சொன்னால் குடியானவர் தமிழில் பதில் சொல்வதை முதன்முதலில் கேட்டபோது, அடுக்களையில் இருந்த என் தாயார் யார் பேசுவது என்று எட்டிப் பார்த்தார்.

தனியாக ஆடுவதில் இடையூறு எதுவும் இல்லை. பலர் சேர்ந்து ஆடும்போது மட்டும் லினக்ஸ் பயனர்கள் நெடுநாளாக அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. இவ்வகை விளையாட்டில் ஆயிரம் வீரர்களின் இருப்பிடத்தையும் இணையம் வழி அனுப்புவதில்லை. ஆடுபவரின் கட்டளைகள் மட்டுமே போகின்றன, ஒவ்வொரு கணினியும் அதே போரைத் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகவே, கணக்கிட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளான கணித நூலகங்கள் தரும் விடையில் கடைசித் தசம இலக்கம் வேறுபட்டாலும் இரண்டு கணினிகளிலும் இரண்டு போர்கள் நடக்கத் தொடங்கி, ஆட்டம் ஒத்திசைவு இழந்து நின்றுவிடும். விண்டோஸின் அசல் கணித நூலகக் கோப்பை அந்த விளையாட்டின் தனி அடைவுக்குள் வைப்பதே பயனர்கள் கண்டுபிடித்த தீர்வு. நானும் அதைச் செய்தேன். சேலத்தில் விண்டோஸ் கணினியில் ஆடிய நண்பருடன் இரண்டு மணி நேரப் போர் ஒன்று பிசகின்றி முடிந்தது. கணக்கு வேலை பார்க்கும் எனக்கு, ஒரு கடைசி இலக்கம் முழுப் பேரேட்டையும் குலைத்துவிடும் என்பதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

புணேயில் உருவான ராஜி என்ற விளையாட்டு, முதல் முயற்சியிலேயே எந்த மாற்றமும் இல்லாமல் ஓடியது. சில விளையாட்டுகளில் கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தொலைக்காட்சி நிலையம் போல வண்ணப் பட்டைகள் மட்டும் தெரியும். கணினி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தக் காணொளியின் வடிவத்துக்குரிய மாற்றுக் கோப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். தன்னார்வலர் தொகுத்து வழங்கும் புரோட்டான்-ஜிஇ பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காவேரிப்பட்டினத்து நண்பரின் கணினியில் பெரிய விளையாட்டு ஒன்று நடுவில் சொல்லாமல் மூடிக்கொண்டே இருந்தது. அவர் பழைய மின்ட் 21 வைத்திருந்தார். ஒரு நிரல் எத்தனை நினைவகப் பகுதிகளைப் பிடிக்கலாம் என்ற வரம்பு அதில் 65,530. மின்ட் 22-இன் அடித்தளமான உபுண்டு 24.04-இல் அது 10,48,576. அந்த ஒரு எண்ணை உயர்த்தியதும் சிக்கல் தீர்ந்தது.

இனி, இயங்காதவற்றைப் பற்றி. பொங்கல் விடுமுறைக்கு வந்த என் அக்காள் மகன் கணினியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இதுல வாலரண்ட் ஓடுமா?" என்பதுதான். ஓடாது. அந்த இணையப் போட்டி விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்டு, விண்டோஸ் கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்வது. எந்தத் துபாஷியாலும் அங்கே நுழைய முடியாது. இதே வகைத் தடுப்பு மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-இலேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் முடிவு. எல்டன் ரிங் ஏற்றது. லினக்ஸில் இணைய ஆட்டமும் கிடைக்கிறது. ஃபோர்ட்நைட் ஏற்கவில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் சில ஆண்டுகள் அனுமதித்துவிட்டு 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடியது. நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம் என்ற இந்த நிச்சயமின்மையே புரோட்டான் பயனரின் மெய்யான இடர். அதைச் சரிசெய்யும் திறவுகோல் புரோட்டான் குழுவிடம் இல்லை. கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸிலேயே நேரடியாக ஓடுபவை என்று காட்டியதும் பையன் முதலாவதைத் தேர்ந்து, மூன்று நாட்கள் நாற்காலியை விட்டு எழவில்லை.

எங்கள் தெருவில் மாலை நேரத்தில் மின்சாரம் போய்வருவது வழக்கம். ஆர்எக்ஸ் 580 மட்டுமே 185 வாட் வரை இழுக்கும் என்பதால், ஆட்டத்தின் நடுவில் 600 விஏ யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். மாங்கோஹட்டில் பிரேம் வரம்பை 60-லிருந்து 40-க்கு இறக்கினால் மின்பளுவும் சூடும் கண்கூடாகக் குறைகின்றன. கோடைக்கும் இதே வழிதான். இதற்காகத் தனி மென்பொருள் எதையும் தேட வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இதுதான். தனியாக ஆடும் கதை விளையாட்டுகளும், வியூக விளையாட்டுகளும், ஸ்டீமில் சேர்த்து வைத்த பழைய விளையாட்டுகளும் உங்களுக்குப் போதும் என்றால், விண்டோஸை விட்டு வருவதால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. இன்னும் பத்து மாலைகள் செலவழித்துச் சோதித்தாலும் இந்தக் கருத்து மாறாது என்று நம்புகிறேன். போட்டி விளையாட்டுகளே உங்கள் மாலைப்பொழுது என்றால், இப்போதைக்கு வராதீர்கள். நடுவில் நிற்பவர்கள் முதலில், பயனர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் புரோட்டான்டிபி என்ற தளத்தில் தங்கள் விளையாட்டுகளைத் தேடி, பிளாட்டினம், கோல்டு என்ற தரத்தை மட்டும் பார்க்காமல், தங்களுடையதைப் போன்ற கார்டு வைத்திருப்பவர்கள் அண்மையில் எழுதியதைப் படியுங்கள். பிறகு தனி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் புதிய எஸ்எஸ்டியில் மட்டும் மின்ட்டை ஏற்றுங்கள்.