கவுன்சிலர் நடத்தும் ஏலச்சீட்டு: இருபது மாத அனுபவம்

எங்கள் நகராட்சியின் வார்டு கவுன்சிலர் ஒருவர் தம் சகோதரர்களோடு சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில், 2021 ஜூலை முதல் 2023 பிப்ரவரி வரை, ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றைக் கட்டி முடித்தேன். உறுப்பினர்கள் இருபது பேர். மாதத் தவணை 5,000 ரூபாய்.

தொண்ணூறுகளில் மொபெட்டில் கடை கடையாகச் சென்று தண்டல் வசூலித்தவர் அவர். பிறகு அடகுக்கடை வைத்தார், அதன்பின் சீட்டு தொடங்கினார், 2011 உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர் ஆனார். 2016 அக்டோபருக்குப் பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் நகர்மன்றமே இல்லாதிருந்தபோதும், தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் அவருடைய சீட்டு அலுவலகத்துக்குத்தான் போனார்கள். சீட்டில் ஆள் சேர்ந்ததும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான். நான் மட்டும், பாஸ் புத்தகத்தில் இருந்த பதிவு எண்ணைச் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முதல் தவணையைக் கட்டினேன். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவாளரின் முன் அனுமதி இல்லாமல் யாரும் சீட்டுத் தொடங்க முடியாது.

2022 ஜூனில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 20,000 ரூபாய் தள்ளி, அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்து ஏலம் கேட்டு, சீட்டை எடுத்தேன். அதில் நிறுவனத்தின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் தலா 750 ரூபாய் கசராக, அதாவது தவணையில் தள்ளுபடியாக, கழிந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் கமிஷனை 7 சதவீதம் வரை வாங்கச் சட்டம் இடம் தந்தும், இங்கே 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்திட்டார்கள். கடன் பத்திரத்தில் தொகையையும் தேதியையும் என் கண்ணெதிரே எழுதிய பிறகுதான் பேனாவை என்னிடம் நீட்டினார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் இடங்களைப் பார்த்தவன் என்பதால், அது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தந்தது. ஐந்தாம் நாள் 80,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.

குறையையும் சொல்லியாக வேண்டும். எட்டாவது ஏலம் 2022 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டும். முந்தைய நாள்தான் நகராட்சித் தேர்தல். வேட்பாளராக நின்ற அவரும் வரவில்லை, சகோதரர்களும் வரவில்லை, கதவில் ஓர் அறிவிப்புத் தாள்கூட ஒட்டப்படவில்லை. இரண்டு வாரம் கழித்தே ஏலம் நடந்தது. பணம் தேவைப்பட்டுக் காத்திருந்த ஒரு தையற்கடைக்கார அம்மா, "நாளைக்கு வீட்டு வரி விஷயமா அவர்கிட்டதானே போய் நிக்கணும், இதை எப்படிக் கேக்கிறது?" என்றார். எனக்கு வருத்தம் தந்தது தாமதத்தைவிட அந்தத் தயக்கம்தான். கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் கவுன்சிலரிடம் உதவி கேட்பதும் ஒரே மேசையில் நடக்கும்வரை அந்த அம்மா வாய் திறக்கமாட்டார்.

நான் போய்க் கேட்டேன். அவர் மறுப்புச் சொல்லாமல் ஏல நடவடிக்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டித் தவறை ஒப்புக்கொண்டார். மீதமிருந்த பன்னிரண்டு ஏலங்களும் குறித்த நாளிலேயே நடந்தன. அடுத்த சீட்டிலும் சேர்ந்திருக்கிறேன். வார்டு மக்களைச் சந்திக்கத் தனி இடம் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை மேசை மாறவில்லை.