கீறலோடு ஒரு மெட்ரோபோலிஸ்: ரங்கூன் வீட்டில் ப்ளூ-ரே அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படம் என்றாலும் பளிச்சென்று புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த டிஸ்க் ஒத்துவராது. 1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் 2010 மறுசீரமைப்பு இது, அதாவது கிடைத்த பிரதிகளைச் சேர்த்துச் சுத்தம் செய்த பதிப்பு. பெரும்பகுதி கண்ணாடி மாதிரி துல்லியம். ஆனால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கோடு கோடாகத்தான் ஓடும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானிடம் சொல்லி இதை வரவழைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய எத்தனையோ டிஸ்க் தூசி படிந்து கிடக்கிறது. இதை மட்டும் மழைக்காலம் வந்தால் எப்படியும் ஒரு தடவையாவது போட்டுவிடுகிறோம்.

ரங்கூனில் எங்கள் வயசுக்காரர்களுக்குப் படம் என்றால் விசிடிதான். அனவ்ரதா சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் உறையில் குவித்து வைத்திருப்பார்கள். மெட்ரோபோலிஸை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் 1984-இல் வண்ணம் ஏற்றி, பாப் பாட்டுகளைச் சேர்த்து வெளியிட்ட ஒன்றரை மணிக்கும் குறைவான பதிப்பு, இரண்டு தட்டில். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளி. புகை வந்தால் கட்டம் கட்டமாக உடையும், தண்ணீர் வந்தாலும் அப்படியே. இந்தப் படத்தில் முக்கால்வாசி புகை, மீதி தண்ணீர். கதையும் பாதி புரியாது. ஒல்லியாக ஒரு ஆள் எதற்கு வருகிறான், எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது.

அது விசிடியின் குற்றம் மட்டுமல்ல. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த படம் 1927 ஜனவரி 10-இல் பெர்லினில் திரையிடப்பட்டபோது 4,189 மீட்டர் நீளம். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் வெட்டினார்கள்; பிறகு ஜெர்மனியிலேயே வெட்டினார்கள். அதற்குப் பிறகு உலகம் பார்த்ததெல்லாம் மிச்சம் மீதியைத்தான். 2001-இல், பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை கிடைத்ததில் நல்லதையெல்லாம் சேர்த்து, இல்லாத இடத்தில் எழுத்து அட்டை போட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தது. அவ்வளவுதான், இனி கிடைக்காது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பிறகு வந்தது அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் அயர்ஸ் சமாச்சாரம். வெட்டுப்படாத பிரதி ஒன்றை 1928-லேயே ஒரு விநியோகஸ்தர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிற்காலத்தில் அதை ஓட்டிய ஒருவர், ஃபிலிம் நிற்காமல் ஆடியதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டியதாகச் சொன்ன கதை, பெர்னாண்டோ பெஞ்ஞா என்ற சினிமா ஆய்வாளர் காதில் விழுந்தது. தெரிந்த பதிப்பு எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் 2008-இல், அங்குள்ள சினிமா அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியேரும் அவரும் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். இருந்தது 16 மி.மீ. நகல். மூலமான 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றும் வகை என்பதால், சின்ன ஃபிலிமுக்கு மாற்றிக்கொண்டு அசலை எப்போதோ அழித்துவிட்டார்கள். விரல் கதை கிடக்கட்டும், அசலை அழித்த இந்த இடம்தான் எனக்கு வயிறு எரியும் இடம்.

கீறல் ஏன் போகவில்லை என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபிலிமின் மேல்பரப்பில் விழுந்த கீறல் என்றால் வழி உண்டு. ஸ்கேன் செய்யும்போது ஃபிலிமை ஒருவகைத் திரவத்தில் நனைப்பார்கள். திரவம் கீறலுக்குள் இறங்கி நிரப்பிவிடும், வெளிச்சம் சிதறாமல் நேராகப் போகும், கீறல் மறைந்துவிடும். அர்ஜென்டினா நகலில் அது பலிக்காது. அசல் பிரதி பல வருஷம் ஓடித் தேய்ந்து கீறல் விழுந்த பிறகு, துடைக்காமல் கொள்ளாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். அதனால் கீறலும் முகத்தோடு முகமாகப் படம் பிடிக்கப்பட்டுவிட்டது. நகலைத் தொட்டுப் பார்த்தால் அங்கே கீறலே இருக்காது. இருப்பது கீறலின் படம். கம்ப்யூட்டரில் பிரேம் பிரேமாக எடுக்கலாம். ஆனால் கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று கம்ப்யூட்டருக்கும் தெரியாது, அது ஊகம்தான் பண்ணும். மியூனிக்கில் இந்த மறுசீரமைப்பு வேலை பார்த்தவர்கள் ஆட்டத்தைக் குறைத்து, வெளிச்சம் துடிப்பதைச் சமன்செய்து, கோடுகளில் முடிந்ததை எடுத்துவிட்டு, ஊகம் செய்ய வேண்டிய இடத்தில் கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த டிஸ்க் இன்னும் சலிக்காததற்குக் காரணம் அந்த நிதானம்தான். வேறு சில பழைய விண்வெளிப் படங்களின் ப்ளூ-ரேயில் ஃபிலிமுக்கே உரிய பொடித் துகளையெல்லாம் வழித்தெடுத்து நடிகர்கள் முகத்தை மெழுகு பூசினது போல ஆக்கியிருக்கிறார்கள். முதல் தடவை ஆஹா என்றிருக்கும். மூன்றாவது தடவை கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொரு விஷயம். கிடைத்த காட்சிகள் வரும்போது படச்சட்டம் சுருங்கும். மேலேயும் இடது பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். மௌனப்பட பிரேம் பெரியது. 16 மி.மீ.க்கு இறக்கியபோது பேசும்பட அளவுச் சட்டத்தை வைத்து இறக்கியதால் அந்த இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிட்டன. பெரிதாக்கி மறைத்திருக்கலாம், செய்யவில்லை. எது அசல் நெகடிவ் வழி வந்தது, எது அர்ஜென்டினா என்று சொல்லாமலே தெரிகிறது.

இவ்வளவையும் வீட்டு டிவி ஒரே நொடியில் பாழாக்கும். பெட்டியைப் பிரித்தவுடன் கடைக்காரர் வைத்த ‘விவிட்’ அமைப்பில் போட்டால், ஷார்ப்னஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் வெள்ளை விளிம்பு கட்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஃபிலிம் துகளைத் தின்றுவிட்டு, அதோடு இயந்திரத்தின் நீராவியையும் தின்னும். மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் கதாநாயகன் சீரியல் நடிகர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவார். மூன்றையும் அணைத்துவிட வேண்டும். ஓவர்ஸ்கேனையும் கட்டாயம் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலா பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு அந்தக் கறுப்புப் பட்டைக் கணக்கே குழம்பிப்போகும். எங்கள் வீட்டில் தீராத சண்டை ஒன்று உண்டு: சதுரப் படத்தின் இரு பக்கமும் கறுப்பாக இருப்பது மாமாவுக்குப் பொறுக்காது. “இவ்ளோ பெரிய டிவி வாங்கிட்டு பாதியிலதான் படம் பாக்கணுமா?” என்று ரிமோட்டை எடுத்து இழுத்து விரித்துவிடுவார். படத்தின் நாயகி மரியா உடனே இரட்டை நாடியாகிவிடுவாள். இப்போதெல்லாம் ரிமோட் என் மடியில்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என்னிடம் உள்ள பதிப்பில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம். நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். பேச்சில்லாத படம் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆரம்பத்தில் ஆவிச் சங்கு ஊதி, தலை குனிந்த கூலிகள் ஒரு வரிசை உள்ளே, ஒரு வரிசை வெளியே போகும் காட்சியைப் பார்த்ததும் அம்மா சொன்னார்: “சங்கு ஊதுனா உள்ள, சங்கு ஊதுனா வெளிய. எங்க தாத்தா இருந்த ரைஸ் மில்லு இதுதான்டா.” ப்ளூ-ரேயில் அந்த வரிசையில் ஒவ்வொருவரின் தொப்பி மடிப்பும், உள்ளே போகிறவன் நடை வெளியே வருகிறவனைவிட வேகமாக இருப்பதும் தெரிகிறது. விசிடியில் அது கறுப்பாக நகரும் ஒரு பட்டை, அவ்வளவுதான்.

கதைக்கும் உயிர் வந்திருக்கிறது. ஒல்லி ஆள், அந்த நகரத்தை ஆளும் முதலாளியின் ஒற்றன். அவன் மிரட்டும் காட்சி, அவன் பின்தொடரும் காட்சி எல்லாம் இப்போது உண்டு. முதலாளி மகனோடு உடை மாற்றிக்கொள்ளும் 11811 எண் தொழிலாளி அதற்குப் பிறகு என்ன ஆனான் என்பதும் உண்டு. விஞ்ஞானி ஏன் அந்த இயந்திரப் பெண்ணைச் செய்தான் என்பதற்கு அவன் காதலித்து, செத்துப்போன ஹெல் என்ற பெண்ணின் சிலை வருகிறது. விடுபட்டவை இன்னும் இருக்கின்றன. துறவி பிரசங்கம் செய்யும் காட்சியும், விஞ்ஞானியும் முதலாளியும் கட்டிப்புரளும் சண்டையும் கிடைக்கவில்லை; அட்டையில் எழுதிக் காட்டுகிறார்கள். அந்தச் சண்டையின்போதுதான் மரியா விஞ்ஞானியிடமிருந்து தப்பிக்கிறாள், அது இல்லாதது இடிக்கிறது. மரியா எப்படித் தப்பினாள் என்று மகள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

இசை ஹுப்பெர்ட்ஸ் என்பவர் 1927-இல் இந்தப் படத்துக்கே எழுதியது. அவருடைய இசை ஏட்டில் எந்தக் காட்சிக்கு இசையின் எந்த இடம் என்று குறிப்பு இருந்ததால்தான் துண்டுகளை வரிசையாக அடுக்கவே முடிந்ததாம். இங்கே எனக்குத் தொந்தரவு கரண்ட். முறை வைத்துக் கரண்ட் வரும் ஊரில் இரண்டரை மணி நேரப் படம் ஒரே மூச்சில் ஓடாது. சாதா இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையர் உறுமும். வயலின் மெதுவாக வாசிக்கும் இடத்தில் அந்த உறுமல்தான் கேட்கும். சீரான கரண்ட் தரும் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர் மாற்றிய பிறகு நின்றது. இன்வெர்ட்டர் இல்லாத நாளில் பாதியில் நின்றுபோனால் பிளேயர் விட்ட இடத்தை மறந்துவிடும். தெருவெல்லாம் “மீ லா பீ!” (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தியதும் அத்தியாயத்தைத் தேடி உட்கார வேண்டும்.

டிஸ்க்குக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, பிளேயரின் லென்ஸ் பூத்துப்போய் ஒரு பிளேயரே போனது. சிலிக்கா பையை அலமாரியில் போட்டு வையுங்கள். எந்த நாட்டு டிஸ்க் எந்தப் பிளேயரில் ஓடும் என்று பிரிக்கும் ப்ளூ-ரே மண்டலக் கணக்கில் பர்மா ஏ மண்டலம், அமெரிக்க டிஸ்க் அப்படியே ஓடும். ஐரோப்பிய டிஸ்க் வாங்குவதென்றால் மண்டலம் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1934-இல் வந்த ‘ம்யா கா நாயிங்’ என்ற பர்மியப் படத்தை இத்தாலியின் போலோஞாவில் மறுசீரமைத்து 2016-இல் இங்கேயே காட்டினார்கள். கையில் மிஞ்சிய பர்மியப் படங்களில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். அதற்கு முந்தியவை இந்த வெக்கையிலும் புழுக்கத்திலும் கரைந்துவிட்டன. அர்ஜென்டினாவின் மோசமான நகலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நமக்கு மோசமான நகல்கூட இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: அட்டைப்படத்தை நம்ப வேண்டாம், எல்லாப் பதிப்பிலும் அதே இயந்திரப் பெண்தான் நிற்பாள். பின்பக்கம் நிமிஷக் கணக்கைப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்தை ஒட்டி இருந்தால் எடுங்கள். இரண்டு மணி நேரத்தை ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் 2001 பதிப்பு, விலை பாதியானாலும் அங்கேயே வைத்துவிடுங்கள்.