மனப் படபடப்புக்கு அமுக்கராவா, வல்லாரையா, நீர்ப்பிரமியா?

நாட்டு மருந்துக் கடையில் போய் "தூக்கம் வரல, படபடன்னு இருக்கு" என்று சொன்னால் அமுக்கரா சூரணம் கைக்கு வரும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வல்லாரை என்பார்கள். மூன்றாவது ஆள் நீர்ப்பிரமி என்பார். மூன்றையும் 'நரம்புக்கு நல்லது' என்றே விற்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் உள்ள ஆதாரம் ஒன்றல்ல.

மன அழுத்தத்துக்கு இவற்றில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது அமுக்கராதான். 2012-ல் இந்தியாவில் 64 பேரிடம் நடந்த ஆய்வில், வேர்ச்சத்து 300 மி.கி. தினம் இருவேளை, 60 நாள் கொடுத்தார்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மன அழுத்தமும் குறைந்தது, மன அழுத்தத்தில் கூடுகிற ஹார்மோனான கார்ட்டிசாலும் ரத்தத்தில் குறைந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே காட்டின. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், இரண்டு மூன்று மாதம் நடந்தவை. அப்புறம், சோதித்தது செறிவான வேர்ச்சத்தை. பொட்டலத்தைப் பிரித்ததும் குதிரை வாடை அடிக்கிற அந்தப் பொடியைப் பாலில் ஒரு ஸ்பூன் கலந்தால் அதே அளவு சத்து சேரும் என்று சொல்ல முடியாது.

பயப்பட வேண்டியதும் இதில்தான் அதிகம். தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. என் அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் சூரணம் வாங்கி வந்தபோது, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று நான் மல்லுக்கு நின்றது இதனால்தான்.

வல்லாரைக்கு வருவோம். 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 40 பேரில் சிலருக்கு ஒரே வேளையாக 12 கிராம் கொடுத்து, திடீர்ச் சத்தத்துக்கு எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் திடுக்கிடல் குறைந்தது. ஆனால் மனநிலையிலோ இதயத் துடிப்பிலோ குறிப்பிடும்படி மாற்றமில்லை. துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. பதற்றத்துக்கு மருந்தென்று சொல்ல இது போதாது.

நீர்ப்பிரமியை நினைவாற்றலுக்குத்தான் அதிகம் சோதித்திருக்கிறார்கள், அதுவும் 12 வாரம் போல. இன்றைய படபடப்புக்கு உதவாது. சிலருக்கு வயிற்றையும் புரட்டும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வடக்கே வல்லாரையையும் பிரம்மி என்றே சொல்வதுண்டு. வட்ட இலை, நீளக் காம்பு, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தால் வல்லாரை. தண்டோடு ஒட்டிய சின்னத் தடித்த இலை நீர்ப்பிரமி. பொடியாக வாங்கினால் டப்பாவில் தாவரப் பெயரைப் பாருங்கள்: சென்டெல்லா என்றால் வல்லாரை, பக்கோபா என்றால் நீர்ப்பிரமி.