முட்டைப் பூச்சு என்று சொல்லி வெள்ளை சிமெண்டைப் பூசுகிறார்கள்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் கவனிக்கவும்

காரைக்குடிக்கு அருகே பங்காளிகளாகிய எங்களுக்குப் பொதுவான பழைய வீடு ஒன்று உள்ளது. அதன் வளவுச் சுவர்களை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களை, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றும் முட்டைப் பூச்சில் புதுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர், சுண்ணாம்பு வேலைக்கு உரிய கூலியை முழுமையாக வாங்கிக்கொண்டு வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். அதே ஆட்கள் இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலும் முன்பணம் வாங்கி வருவதாகத் தெரிவதால் இதை எழுதுகிறேன்.

வேலை தொடங்கிய அன்று கடுக்காய், வெல்லம், தட்டுத் தட்டாக முட்டைகள், கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டைகள் எல்லாம் எங்கள் கண்ணெதிரே வந்து இறங்கின. ஆனால் சுண்ணாம்பை ஊறவைப்பதற்கோ அரைப்பதற்கோ யாரும் முற்படவில்லை. கேட்டதற்கு, அரைத்த கலவை பட்டறையிலிருந்து தயாராக வருகிறது என்றார்கள். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, வெண்ணெய்போல அரைத்து, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் தேய்த்து மெருகேற்ற வேண்டிய வேலை, சில நாட்களிலேயே பளபளவென்று முடிந்துவிட்டது.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை பூச்சு உப்பியது. பின்னர் உப்புப் பூத்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த துண்டைத் தட்டிப் பார்த்த முதிய கொத்தனார் ஒருவர், “இதில் சுண்ணாம்பு பேருக்குக்கூட இல்லை” என்றார்.

சேதம் அழகோடு நிற்பதில்லை என்பதுதான் என் கவலை. இத்தகைய பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் சுவருக்குள் இன்னும் மேலே ஏறுகிறது. அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே அரித்துவிடுகிறது. இப்போது அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்தால் செங்கல்லும் சேர்ந்து வருகிறது. 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. அப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பிப்பதாகச் சொல்லிக்கொண்டே அழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அந்தக் கொத்தனார் சொன்ன சோதனை எளிதானது. இறுதிப் பூச்சுக்கான கலவையில் ஒரு கைப்பிடியைக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும் என்பதால் தண்ணீருக்கடியில் குழைவாகவே இருக்கும்; சிமெண்டோ தண்ணீரிலேயே கல்லாகிவிடும். பட்டறையில் அரைக்கிறோம் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். காட்டத் தயங்குபவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். என்ன பொருள், எத்தனை படலம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கூலியில் கணிசமான பகுதியை, ஒரு மழைக்காலம் கடந்த பின்பே தருவதாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.