காதலனைக் கொன்ற பிறகு: மூன்று முத்தொகுதிகளின் கடைசிப் புத்தகங்கள்

முடிவைச் சொல்லாமல் முடிவுப் புத்தகத்தை அலச வழியில்லை. இந்த மூன்றையும் இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்த வரியோடு விலகிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

லீ பார்டுகோவின் ‘ரூயின் அண்ட் ரைசிங்’ 2014இல் வந்தது. ஹாலி பிளாக்கின் ‘தி குயின் ஆஃப் நத்திங்’, கேத்தரின் ஆர்டனின் ‘தி வின்டர் ஆஃப் தி விட்ச்’ இரண்டும் 2019. மூன்றிலும் ஓர் அரியணை ஆடுகிறது, ஒரு போர் நெருங்குகிறது, ஒரு பெண் காதலுக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் நிற்கிறாள். முதல் இரண்டில் நாயகி தன் காதலனைத் தன் கையாலேயே கொல்கிறாள். செத்த இருவருமே எழுந்து வந்துவிடுகிறார்கள். என் புகார் இங்கேதான் தொடங்குகிறது.

பார்டுகோவின் அலினா ஒளியை வரவழைக்கும் ஆற்றல் பெற்றவள். அந்த ஆற்றலைப் பெருக்க மூன்று உயிர்கள் தேவை என்பது கதையின் கணக்கு: மான், கடல்நாகம், தீப்பறவை. பாகத்துக்கு ஒன்று. இரண்டு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால், மூன்றாம் பாகம் வெறும் பறவை வேட்டைதான் என்று சாய்ந்து உட்காருகிறோம். அங்கே ஒரு திருப்பம். தேடிப் போன பறவை அல்ல, கூடவே நடந்து வரும் காதலன் மால்தான் அந்த மூன்றாவது. அவன் ஏன் அப்படியொரு கெட்டிக்காரத் தடங்காணியாக இருந்தான் என்பதற்கு முதல் பாகத்திலிருந்தே விடை புதைந்திருந்தது. இப்படி நேர்மையாக ஒளித்துவைத்த ரகசியங்கள் இந்த வகை நாவல்களில் குறைவு.

அலினா அவனைக் குத்துகிறாள். அவளுடைய ஆற்றல் அவளை விட்டு நீங்கி, சாதாரண மனிதர்களிடம் சிதறிப் போகிறது. பிறகு மால் பிழைத்துக்கொள்கிறான்; இருவரும் தாங்கள் வளர்ந்த அநாதை இல்லத்துக்கே திரும்புகிறார்கள். ஆற்றலைப் பறித்துவிட்டார்களே என்பது பல வாசகர்களின் கோபம். எனக்கு அதில் கோபமில்லை, பேராசைக்கு அது பொருத்தமான தண்டனைதான். மாலைத் திருப்பிக் கொடுத்ததில்தான் எனக்கு உறுத்தல். அவ்வளவு கனமாக ஏற்றிய சாவு சில பக்கங்களிலேயே இறக்கிவைக்கப்படுகிறது. இந்தப் புத்தகத்தில் உண்மையிலேயே கலங்கவைக்கும் மரணம் வில்லனுடையது. யாருக்கும் தெரியாத தன் இயற்பெயரை அலினாவின் வாயால் கேட்டபடி அவன் சாகும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மாலுடன் அமையும் அமைதியான இல்லறம் வெளிறிப்போகிறது.

பிளாக்கின் புத்தகம் மூன்றில் மிகச் சிறியது, சுமார் 300 பக்கம். அவசரமும் தெரிகிறது: இரண்டு பாகங்களாக மூட்டம் போட்ட போர், வந்த வேகத்தில் கலைந்துவிடுகிறது. ஆனால் காதலனின் மரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பிளாக் பார்டுகோவை வென்றுவிடுகிறார். நாயகி ஜூடின் காதலன் கார்டன் சாபத்தால் பெரும் பாம்பாகிறான். ஜூடின் கையில் ஒரு பொன் கடிவாளம் கிடைக்கிறது. அதைப் பூட்டினால் பாம்பு காலமெல்லாம் அவளுக்கு அடிமை, அரியணையும் அவளுடையது. அவளோ வாளை எடுக்கிறாள். முன்பு ஒரு சத்தியத்தால் அவனைக் கட்டிப்போட்டு ஆட்டிவைத்தவள் இவள். அப்படிப்பட்டவள் கடிவாளத்தை வேண்டாம் என்று சொல்வதுதான் இந்தக் காதல் கதையின் உண்மையான உச்சம். அதனால் வெட்டுண்ட பாம்புக்குள்ளிருந்து அவன் எழுந்து வரும்போது ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. அதோடு, ஜூட் எதையும் துறக்காமல் அரசியாகவே இருக்கிறாள். அலினாவின் முடிவில் மனம் கசந்தவர்கள் இங்கே ஆறுதல் தேடலாம்.

ஆனாலும் என் ஓட்டு ஆர்டனுக்குத்தான். அவர் கதை நடப்பது கற்பனை தேசத்தில் அல்ல, 14ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில். தொடக்கத்திலேயே மாஸ்கோவின் கும்பல் நாயகி வாஸ்யாவைச் சூனியக்காரி என்று எரிக்கப் பார்க்கிறது. அவளைக் காப்பாற்ற, பனிக்கும் மரணத்துக்கும் அதிபதியான அவள் காதலன் மொரோஸ்கோ தன் விடுதலையையே கொடுத்துவிடுகிறான். அதற்கு விலையாக, கட்டுண்டு கிடந்த அவன் சகோதரன், கரடி எனப்படும் மெத்வெத், அவிழ்ந்துவிடுகிறான். பிறகு சிறைப்பட்ட காதலனை மீட்கப் போவதும் வாஸ்யாதான். அந்தக் கரடியையும் அவள் கொல்வதில்லை; பேரம் பேசித் தன் பக்கம் நிறுத்துகிறாள். வில்லனை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த மூன்றில் கிடைத்த புதிய பதில் இது ஒன்றுதான்.

இறுதிப் போர் 1380இல் நடந்த குலிகோவோ போர். மாஸ்கோவின் இளவரசர் திமித்ரி, மங்கோலியத் தளபதி மமாயின் படையை எதிர்கொண்ட அதே போர். அதற்கு முன் பெரெஸ்வெத் என்ற துறவியும் செலுபே என்ற வீரனும் ஒற்றைக்கு ஒற்றை மோதி இருவருமே மாண்டார்கள் என்பது ரஷ்ய மரபுக் கதை. வாஸ்யாவின் அண்ணன் சாஷாதான் அந்தத் துறவி. மரபை அறிந்தவருக்கு அவன் முடிவு முன்பே தெரியும்; தெரிந்தும் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வாஸ்யாவின் காதலன் மரணத்துக்கே அதிபதி. இருந்தும் சாஷா திரும்பி வருவதில்லை. மற்ற இருவரும் தயங்கி நின்ற இடத்தை ஆர்டன் தாண்டிப் போகிறார்.

கொஞ்சலும் சீண்டலும் நிறைந்த காதல்தான் வேண்டுமென்றால் பிளாக்கை எடுங்கள்; ஆர்டனிடம் அது சிக்கனமாகத்தான் கிடைக்கும். அவருடைய முதல் பாகமும் பனி மூடிய ஒரு கிராமத்தில், அடுப்படிக் கதைகளோடு ஆற அமரத்தான் நகர்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்கு வராதீர்கள். அந்த அடுப்படியில் சிறுவன் சாஷாவைப் பார்த்திருந்தால்தான், குலிகோவோ வயலில் அவன் குதிரையேறும்போது வயிற்றைப் பிசையும்.