சின்ன எழுத்து மங்காமல் இருக்க: கிம்ப்பா, போட்டோஷாப்பா, இங்க்ஸ்கேப்பா?

ஸ்கிரீன்ஷாட்டில் குறிப்பு எழுதுவது, ஐகானுக்குக் கீழே பெயர் போடுவது, வரைபடத்தில் லேபிள் வைப்பது என்று 11, 12 பிக்சல் எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற வேலை என்னுடையது. படம் திருத்தவும் வரையவும் உதவும் இந்த மூன்று மென்பொருளையும் பயன்படுத்திவிட்டு, இப்போது இந்த வேலைக்கு கிம்ப்பைத்தான் திறக்கிறேன்.

தலைப்பு அளவுள்ள பெரிய எழுத்துக்கு எது வேண்டுமானாலும் போதும். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜியாகச் சேமியுங்கள். 100 சதவீத ஜூமில் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் பொது.

வித்தியாசம் ஹின்டிங்கில்தான் இருக்கிறது. 'ட' எழுத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஒரு நெட்டுக்கோடு, கீழே ஒரு படுக்கைக்கோடு. 12 பிக்சல் அளவில் கோட்டின் தடிமன் கிட்டத்தட்ட ஒரு பிக்சல்தான். அது ஒரே பிக்சல் வரிசைக்குள் விழுந்தால் கன்னங்கரேலென்று நிற்கும். பாதி இந்த வரிசையிலும் பாதி அடுத்த வரிசையிலும் விழுந்தால், ஆன்டி-ஏலியாசிங் (ஓரங்களை இடைப்பட்ட நிறத்தால் மென்மையாக்கும் முறை) அதை இரண்டு சாம்பல் கோடுகளாக்கிவிடும். எழுத்து மங்கலாகத் தெரிவது இதனால்தான். 'ண' இன்னும் பாடு: சுழிகளுக்கு நடுவே ஒரு பிக்சல் இடைவெளிகூடத் தேறாமல் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியோ சாம்பல் கறையாகிவிடும். கோடுகளை இழுத்துப் பிக்சல் கட்டத்தில் உட்காரவைப்பதுதான் ஹின்டிங்.

கிம்ப்பின் எழுத்துக் கருவியில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. ஹின்டிங்கே வேண்டாம் என்பதிலிருந்து கொஞ்சம், நடுத்தரம், முழுசு என்று நான்கு நிலை. எண்களுக்கும் ஆங்கில எழுத்துக்கும் முழுசாக வைக்கிறேன். தமிழுக்குக் கொஞ்சமே போதும். அது உயரவாக்கில் மட்டும் கோடுகளைச் சரிசெய்வதால் வளைவுகள் உடைவதில்லை. எழுத்துருவுக்கு எழுத்துரு பலன் மாறும், அதனால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முழுசாக வைத்தால் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சில இடங்களில் ஏறுக்குமாறாகும், அதைக் கையால் திருத்திக்கொள்கிறேன். அப்புறம் முக்கியமான ஒன்று: படத்தைக் கடைசி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே எழுத்தைப் போடுங்கள். எழுத்து லேயரை (எழுத்து தனியாக இருக்கும் அடுக்கை) ஸ்கேல் கருவியால் சுருக்கினால் ஹின்டிங் செய்த வேலை அத்தனையும் பாழ்.

போட்டோஷாப்பில் ஷார்ப், கிறிஸ்ப், ஸ்ட்ராங், ஸ்மூத் என்று ஆன்டி-ஏலியாசிங் வகைகள் உண்டு. ஷார்ப் பரவாயில்லை. எழுத்துப் பலகத்தின் மெனுவில் பின்ன அகலத்தை (எழுத்து இடைவெளியைப் பிக்சலின் பின்னங்களில் வைப்பதை) அணைத்தால், சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். எல்சிடி என்று முடியும் வகையை மட்டும் ஏற்றுமதி செய்யும் படத்தில் தொடாதீர்கள். எழுத்தோரத்து நிறக்கசிவு படத்திலேயே பதிந்துவிடும். தமிழ் உடைந்தால் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசருக்கு (எழுத்துகளை வரியாக அடுக்கும் முறைக்கு) மாற்ற வேண்டும். கிம்ப்பில் அந்த வேலையே இல்லை. எழுத்து லேயரை அளவு மாற்றினாலும் மீண்டும் புதிதாக வரைந்துகொள்வது போட்டோஷாப்பின் பெரிய பலம். நான் அதில் கழித்த நேரம் குறைவு. நன்கு பழகியவர் கையில் இதைவிடக் கூர்மை வரலாம்.

இங்க்ஸ்கேப் எழுத்தை வெறும் வடிவமாகப் பார்க்கிறது. பிக்சல் படமாக ஏற்றுமதி செய்யும்போது 'ட'வின் கோடு எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம்தான். எழுத்தை அரை பிக்சல் நகர்த்தினால் ஒரு கோடு தெளியும், பக்கத்து எழுத்து மங்கும். ஆனால் எஸ்விஜியாகவோ (பிக்சலாக இல்லாமல் வடிவமாகவே சேமிக்கும் கோப்பு) அச்சுக்கான பிடிஎஃப்பாகவோ போகிற வேலைக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் திறப்பதில்லை.