லேபர் கேஸ் பார்த்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் வட்டாரத்தில் தோட்ட வேலைக்கு வந்திருக்கிறவர்களும், அவர்களுக்கு உதவப் போகிற நம் ஆட்களும் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்தது ஒரு தமிழ்நாட்டுப் பையன். ஏமாற்றியவரைக் கைகாட்டி விட்டது நான்.

எனக்கு மளிகைக் கடை. பையன் சிவகங்கைப் பக்கம், செம்பனைத் தோட்டத்தில் ஒரு குத்தகைக்காரரிடம் மருந்து அடிக்கிற வேலை. ஒரு நாள் சாயங்காலம் டாப்அப் போட வந்தவன் முதுகு எதிலும் படாமல் விறைப்பாக நின்றான். என்னடா என்றேன். சட்டையைத் தூக்கினான். பம்பு வார் உரசும் தோளிலிருந்து இடுப்பு வரை தோல் வெந்து உரிந்திருந்தது. பம்பு ஒழுகுகிறது என்று மண்டோரிடம், அதாவது மேஸ்திரியிடம், மூன்று தடவை சொன்னானாம். துணியைச் சுற்றிக்கொள் என்றாராம் அவர். கையுறை கிடையாது. பாஸ்போர்ட் குத்தகைக்காரரிடம். "அண்ணே, புகார் கொடுத்தா ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" அதுதான் அவன் பயம்.

மறுநாளே நான் அவனை லேபர் ஆபீசுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அரை நாள் கடையை மூட மனசு வரவில்லை, உண்மை அதுதான். அதனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் எப்போதும் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அனுப்பினேன். 800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். பாதி அவன், பாதி நான். வேலை பெர்மிட் நகல், சம்பளச் சீட்டு, முதுகைப் பிடித்த படம் எல்லாம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். ரசீதில் வட்ட முத்திரை. ஊதா மை வழிந்து உள்ளே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இருபது வருஷமாக ரசீது பார்க்கிறவன் நான், அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

"ஃபைல் ஏறிடுச்சு, ஆபீசர் கூப்பிடுவார்" என்று இரண்டு வாரம் ஓட்டினார். அப்புறம் ஒரு ராத்திரி குத்தகைக்காரர் ஆட்கள் தங்கும் கொங்சிக்கு வந்து, தன் போனில் ஒரு படத்தைப் பையனிடம் காட்டினார். அவன் முதுகுதான். நாங்கள் கொடுத்த அதே படம். மூட்டையைக் கட்டு என்று சொல்லிவிட்டார். ஆள் ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்துப் பெர்மிட்டையும் ரத்து செய்தாயிற்று.

அதன் பிறகுதான் கடையை மூடிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கம்ப்யூட்டரில் தேடினார். அவன் பெயரில் எதுவுமே இல்லை. அரை மணி நேரத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு காசு வாங்கவில்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. சம்பளப் பாக்கி கேட்க 1955 வேலைச் சட்டம் வெளிநாட்டு ஆளுக்கும் இடம் கொடுக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பாதுகாப்பு இல்லை என்று சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பம்பு விவகாரத்துக்கு வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற டோஷ் இலாகாவில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். காயத்துக்கு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி உண்டு. ஓட்டை இருப்பது பெர்மிட்டில். அது ஒரே முதலாளி பெயரில் கட்டிப்போட்டது. அவர் ரத்து செய்தால் புகார் கொடுத்தவனே சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறான். கேஸ் முடியும் வரை தங்கக் குடிநுழைவு இலாகாவில் ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 100 வெள்ளி. அதை வைத்து வேலை செய்ய முடியாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? புகார் சொன்னவர் மேலேயே திருப்பிவிடுவது இந்த ஊர் வழக்கம். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995-இல் வெளியே சொன்ன, தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் மேலேயே வழக்குப் போட்டு, 2003-இல் ஓராண்டுச் சிறை என்றார்கள். விடுதலை கிடைக்க 2008 ஆயிற்று.

அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட், பெர்மிட், சம்பளச் சீட்டு, காயம் எல்லாவற்றையும் படம் பிடித்து ஊரில் வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். மலாய் தெரிந்த ஒருவரோடு நீங்களே ஆபீசுக்குப் போங்கள். புகார் வாங்கிக்கொண்டதற்கான முத்திரை நகல் கையில் வராமல் நகராதீர்கள். முதலாளி "ஓடிவிட்டான்" என்பதற்கு முன்னால் போலீஸ் ரிப்போர்ட் ஒன்று இருந்தால் நல்லது. எங்களிடம் அது இல்லை, இப்போது அதற்குத்தான் அல்லாடுகிறோம்.

பையன் என் கடை மாடியில் தங்கியிருக்கிறான். முதுகு ஆறிவிட்டது. விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை. அந்த ஆள் அதே ஒட்டுக்கடையில்தான் இருக்கிறார். நேற்று தே தாரேக் வாங்கப் போனபோது எதிரில் இரண்டு நேப்பாளப் பையன்கள், மேசைமேல் அவர்களுடைய பெர்மிட் நகல்.